உப்பிட்டவள்

இரவு ஒன்பது நாற்பதுக்குத் தொலைபேசி.
கடமையில் இருந்த டொக்டர், ஒரு பெண்:
"குகதாசன் வீட்டில் இருக்கிறாரா? நடக்கிறாரா?"
அவர் கிரிக்கெட் பார்த்தபடி
கச்சான் கொறித்துக்கொண்டிருந்தார்.
"ஆறு தசம் எட்டு" என்றாள்.
எது ஆறு தசம் எட்டு?
நிலநடுக்கத்துக்குத்தான் அப்படிச் சொல்லக் கேட்டிருக்கிறேன்.
"இரத்தத்தில் பொட்டாசியம்.
இப்போதே வெஸ்ட்மீட்டுக்குக் கொண்டுபோங்கள்.
அவர் கார் ஓட்டக்கூடாது."

ஒரு கிழமையாய்க் கால் பாரம் என்றவர்தான்.
கிடங்கு வேலை, ஐம்பத்தாறு வயது,
வேறென்ன என்று எண்ணெய் தேய்த்துவிட்டேன்.

பென்டில் ஹில்லிலிருந்து பத்து நிமிடம்.
எல்லாச் சிவப்பு விளக்கும் அன்றைக்கு எனக்கென்றே எரிந்தது.
"மெதுவாப் போ, கமரா இருக்கு" என்றார்
சாகக் கிடந்தவர்.

நெஞ்சில் ஒட்டுகள். கடதாசி நீண்டு வந்தது.
மரிசெல் என்ற தாதி கோட்டைப் பார்த்தாள்.
கதைத்துக்கொண்டிருந்ததை நிறுத்தினாள்.
எட்டிப் பார்த்தேன்.
வரிசையாய்க் கூடாரங்கள்,
ஒருகாலம் நாங்கள் படுத்தெழும்பியவை போல,
இன்னும் கூராக.

"ஊசியில் இரத்தம் உடைந்தாலும் பொய்யாய் ஏறும்,
திரும்ப எடுத்தோம்" என்றான் இளம் டொக்டர்.
"பொய்யில்லை."

இதயத்துக்குக் காவலாய்க் கல்சியம்.
பிறகு இன்சுலின், கூடவே சீனித்தண்ணீர்.
"இவருக்குச் சலரோகம் இல்லையே!"
"தெரியும் அம்மா. பொட்டாசியத்தைக் கலங்களுக்குள்
தள்ளிப் பூட்டுகிறோம். வெளியேற்றுவது பிறகு."
பிறகென்பது ஆற்றுமணலைக் கரைத்தது போல
ஒரு கோப்பை. முகத்தைச் சுளித்துக் குடித்தார்.

இனி விசாரணை.
இளநீர்? கிழமைக்கு இரண்டு.
வாழைப்பழம்? வீட்டு மரம்.
கீரை? முருங்கையிலை, தக்காளிச் சொதி...
பிரஷர் குளிசையும் கொஞ்சம் பிடித்துவைக்குமாம்,
சிறுநீரகமும் களைத்துப்போச்சாம்.
"உப்பு?"

பெருமையாய்ச் சொன்னேன்:
"நல்ல உப்பு. சோடியம் குறைஞ்சது.
பிரஷர் எண்டபடியால் நானே தேடி வாங்கினது.
மூன்று மடங்கு விலை."
ஒருவரும் எழுதவில்லை.
மகள் ஆரபி வீட்டிலிருந்து படம் அனுப்பினாள்.
பச்சை மூடி. சிரிக்கும் இதயம்.
பின்பக்கம், எறும்பெழுத்தில்,
பொட்டாசியம் குளோரைட்டு.

உப்பிட்டவரை உள்ளளவும் நினை.
உப்பிட்டவள் நான்.
பதினொரு மாதம்.
"கறி கொஞ்சம் கைக்குது" என்றார் ஒருநாள்.
நாக்கு பழகும் என்றேன்.

விடிய நாலுக்கு ஐந்து தசம் ஆறு.
கூடாரங்கள் தாழ்ந்தன.
குறட்டை விட்டார்.
முப்பது வருடம் நான் திட்டிய சத்தம்;
இருந்து எண்ணினேன்.

இப்போது கிழங்கைச் சின்னதாய் வெட்டி
நிறையத் தண்ணீரில் அவித்து
அந்தத் தண்ணீரை ஊற்றிவிடுகிறேன்.
சத்துப் போகுதே என்று கை பதறும்.
போகத்தான் வேண்டும்.
குளிசையை மாற்றினார்கள்.
உணவு ஆலோசகி ஒன்றையும் முற்றாய் மறிக்கவில்லை,
அளவு தந்தாள்: அரைக் கோப்பை, இரண்டு கரண்டி.
உப்பு, வெறும் உப்பு, விரல் நுனியில்.

அவர் பேசாமல் சாப்பிடுகிறார்.
கோபமா என்று நான் கேட்பதில்லை.
ஒருநாள் மட்டும்,
"நஞ்சு வைக்க மூன்று மடங்கு காசு குடுத்தவள்
உலகத்திலேயே நீதான்" என்று சிரித்தார்.
நான் சிரிக்கவில்லை.
பிறகு சிரித்தேன், கோப்பை கழுவும் இடத்தில்,
முதுகு காட்டியபடி.

மிச்ச உப்பைப் பின்வளவு வாழையடியில் கொட்டினேன்.
வாழைக்குப் பொட்டாசியம் பிடிக்குமாம்.
குலை தள்ளியிருக்கிறது.
பின்னேரங்களில் போய் நின்று சீப்பு எண்ணுகிறார்:
பக்கத்து லெபனான் வீட்டுக்கு இரண்டு,
வேலையிடத்துக்கு ஒன்று, ஆரபிக்கு ஒன்று.
"எனக்கு அரைவாசிப் பழம்" என்கிறார்.

வியாழக்கிழமை இரத்தம் குடுக்கவேணும்.
அதுக்குப் பிறகு பார்ப்பம் என்கிறேன்.