ஊசித்துளை

வீட்டுக்குப் பின்னால்,
சாக்கடைக்கும் கம்பிவேலிக்கும் இடையில்,
நகராண்மைக் கழகத்தின் கணக்கில் வராத மண்.
என் காலடியில் நீளம் பதினொன்று.
அகலம் மூன்று, கொஞ்சம் கூட.
வேலிக்கு அந்தப் பக்கம் செம்பனை.
பாடாங் செராய்க்குப் பால்மரம் இப்போது
டேங்கர் லாரியில்தான் வருகிறது,
சியாம் எல்லை தாண்டி, வெள்ளைக் குழம்பாய்,
நான் வேலை செய்யும் கையுறை ஆலைக்கு.

இரவு ஷிப்ட் முடிந்து ஏழேகாலுக்கு பஸ் இறக்கிவிடும்.
சீருடையோடே போய்க் குனிவேன்.

சில்லி பாடி கேட்காமலே முளைத்தது,
மைனா போட்ட எச்சம்.
காயெல்லாம் வானத்தைப் பார்த்து நிற்கும்
சண்டைக்குக் கூப்பிடுவது மாதிரி.
குலாய் மிளகாய், இரவுச் சந்தையில் ஏமாந்து வாங்கிய
அழுகல் பழத்திலிருந்து வந்தது.
சாது. சம்பலுக்கு நல்ல நிறம்.
குடைமிளகாய் கேமரன் மலைக்காரி,
இந்த வெயில் அவளுக்கு ஆகவில்லை.
கோழிமுட்டை அளவில் ஒன்று காய்த்தாள்,
அதிலும் ஒரு பக்கம் வெந்துபோயிருந்தது.

"காரத்தையும் இனிப்பையும் ஒட்ட வைக்காதே,
இதற்கும் காரம் ஏறிவிடும்" என்பாள்
பக்கத்து வீட்டு மூய் லான்.
"ஏறாது, அதற்கு இறங்கிவிடும்" என்பார் என் வீட்டுக்காரர்.
இருவரும் வேலி வழியே மலாயில் வாதாடுவார்கள்.
இந்தக் காயில் தெரியாது,
இதன் விதையை நட்டால்தான் தெரியும் என்றேன்,
நான்காம் படிவத்து அறிவியல் ஞாபகத்தில்.
"அப்போ சண்டையைத் தீபாவளிக்கு வச்சுக்கலாம்" என்று
குளிக்கப் போய்விட்டார்.

மூன்றாவது லைனில் நின்ற பிஷ்ணு
சிகரெட் ஈயத்தாளில் மடித்துக் கொடுத்தான்
ஒன்பது விதை.
டல்லே. உருண்டையாகக் காய்க்குமாம்.
ஒன்று இருந்தால் சோற்றுக்கு வேறு எதுவும் வேண்டாமாம்.
இரண்டு முளைத்து, ஒன்றை நத்தை தின்று,
மிச்சமிருந்தது ஆறு மாதம் பூத்துப் பூத்து உதிர்த்தது.
ஏன் என்று கேட்டேன்.
"குளிர் வேணும் அக்கா அதுக்கு" என்றான்.
கொஞ்சம் பொறுத்து, "எனக்கும்தான்."

ஒப்பந்தம் முடிந்து அவன் விமானம் ஏறிய அக்டோபரில்
பதினேழு நாள் விடாத மழை.
ஐஸ்கிரீம் குச்சிகளில் எழுதிய பெயர்கள் கரைந்து
எல்லாச் செடியும் பெயரில்லாமல் நின்றன.
சாக்கடைத் தண்ணீர் பாத்திக்குள் வந்து போனது.
குடைமிளகாய் படுத்தாள், எழவில்லை.
டல்லே மூன்று காய் பிடித்தது.
படம் எடுத்து அனுப்பினேன்.
இரண்டு நாள் கழித்துப் பதில் வந்தது:
சின்னதா இருக்கே.

ஞாயிற்றுக்கிழமை, பழுத்த ஒன்றை விதைக்காகக் கீறினேன்.
கையில் எங்கள் ஆலையின் முதல்தரக் கையுறை.
பெட்டியின் மேல் பரிசோதகர் எண் நாற்பத்தாறு.
அது நான்.
ஒரு லிட்டர் தண்ணீர் ஊற்றித் தொங்கவிட்டு
இரண்டு நிமிடம் பார்ப்பது என் வேலை.
சொட்டினால் கழிவு. சொட்டாவிட்டால்
ஏதோ ஓர் ஊரில் ஏதோ ஒரு டாக்டரின் கை.

கீறி முடிக்கவில்லை,
இடது மோதிர விரல், நகத்துக்குக் கீழே,
குண்டூசி முனை அளவுக்கு எரிச்சல் தொடங்கியது.
மற்ற ஒன்பதும் சும்மா இருந்தன.

கழற்றி, தண்ணீர் நிரப்பி,
துணிக்கொடியில் மாட்டினேன்.
இரண்டு நிமிடம். ஐந்து. பத்து.
ஒரு சொட்டு இல்லை.
பசுமாட்டு மடி மாதிரி ஆடிக்கொண்டிருந்தது.
வீட்டுக்காரர் வந்து அதையும் பார்த்து
தயிருக்குள் விரலை விட்டு நிற்கும் என்னையும் பார்த்து
எதுவும் கேட்காமல் போனார்.

திங்கள் இரவு, தொங்குகிற கைகளுக்கு நடுவே
மூன்றாவது நிமிடமும் நின்றேன்.
"என்ன தூக்கமா?" என்று கத்தினார் சூப்பர்வைசர்.

பதினான்கு விதை இருக்கிறது, தயிர்க் கோப்பையில் காய்கிறது.
அதில் எது டல்லே, எது பாதி குலாய்,
எது குடைமிளகாய் செத்துப்போகும் முன்
தேனீயிடம் கொடுத்தனுப்பியது, தெரியாது.
இந்த முறை குச்சி நடப்போவதில்லை.