முப்பாற்புள்ளி

நெஸ்டமோல்ட் போத்தல் ஏழு.
ஊர்காவற்றுறை, சாவகச்சேரி, பருத்தித்துறை,
குருநகர்க் கிளினிக்கிலிருந்து ஒன்று, மூடி துருப்பிடித்து.
உள்ளே மருந்துத் தண்ணீரில்
யாரும் திருப்பிக் கேட்காத கடைவாய்ப்பற்கள்.

கடைசி நோயாளி போனபிறகுதான்
ஸ்கான் மெஷின் எங்களுக்கு.
ஆஸ்பத்திரி வீதியில் மருந்துக்கடைகள் கதவிழுக்கும் நேரம்.
கஜீபன் சிவப்பு மெழுகைச் சூடாக்கி
வளைத்து ஒரு தாடை செய்கிறான்,
பதினாறு பற்களை நட்டு
அந்த வாயை
மனிதர் நாடி வைக்கும் இடத்தில் வைக்கிறான்.
"அசையாதேங்கோ" என்கிறான், பழக்கத்தில்.

மெஷின் ஒருமுறை சுற்றி வருகிறது.

பிறகு நான் பல்லின் உச்சியிலிருந்து
தாள் தாளாக இறங்குகிறேன்.
எனாமலின் வெள்ளை. அதற்குள் சாம்பல்.
சாம்பலுக்குள் கறுப்பாய் மூன்று துளி.
மேல்வாய் முதற் கடைவாய்ப்பல்லைக்
குறுக்காக அரிந்தால்
ஃ.

உயிருமில்லை மெய்யுமில்லை என்று
பள்ளியில் பாடமாக்கிய எழுத்து.
ஆய்தம் என்ற பெயருக்குள்
ஆய்தல் கிடந்தது
இந்த மெழுகு வாசத்தில்தான் எனக்குக் கேட்டது.

நாலாவது புள்ளி விழுந்தால் அது எழுத்தில்லை.
ஆனால் விழுகிறது.
கன்னத்துப் பக்க முன்வேருக்குள்
முதற் குழாயிலிருந்து ஓர் அரிசி அகலத் தூரத்தில்,
ஊசிமுனை தடவினாலும் அகப்படாமல்.
உண்டு. உண்டு. இல்லை. உண்டு.
தட்டை எக்ஸ்ரேயில்
ஒன்றின் பின் ஒன்று நின்றால் ஒன்றுதான்.
கீழ்வாய்ப் பற்களின் குணம் வேறு,
சிலதில் குழாய்கள் கலந்து பிறையாய்க் கிடக்கும்;
அதை நாளைக்குப் பார்ப்போம்.

குருநகர்ப் போத்தல். பெண், முப்பத்துநாலு.
மெழுகில் நட்டபோதே கண்டிருக்க வேண்டும்.
திரையில் மூன்று வெள்ளை நூல்,
நுனிவரை நிரப்பியது.
அண்ணத்து நூலின் அடியில்
சின்னதாய் ஒரு மடிப்பு விடும் பழக்கம்
எனக்குத்தான்.

பக்கத்தில் கறுப்பாய், வெறுமையாய்,
நாலாவது.

பிலோமினா.
நண்டுக் கம்பனியில் சதை எடுக்கிறவள்.
மாசியில் நிரப்பினேன்.
பங்குனியில் வந்தாள், நோகுது என்றாள்.
எக்ஸ்ரே எடுத்தேன். மூன்று நூலும் சுகம்.
சித்திரையில் கைப்பிடியால் தட்டினேன்.
"அதிலைதான்" என்றாள், கண்ணை மூடிக்கொண்டு.
வைகாசியில் அட்டையில் எழுதினேன்:
படத்தில் ஒன்றுமில்லை. நோயாளி பதற்றமானவர்.
பிறகு வரவில்லை.
வேறெங்கோ பிடுங்கியிருக்கிறாள்.

ஆய்வின் விதி மூன்று, நானே எழுதியது:
வேர்ச்சிகிச்சை செய்த பற்கள் சேர்க்கப்படா.
"அப்ப இதை எடுத்துவிடவோ அக்கா?"
"எடு."
நூற்றுப்பதினெட்டு பற்களின் அட்டவணையில்
அவளுக்கு இடமில்லை.
என் பிழைக்கும்.

பதிவேட்டில் நம்பர் இருந்தது.
மறுநாள் மத்தியானம் எடுத்தேன்.
பின்னால் தண்ணீர் பாயும் சத்தம்,
தட்டில் ஓடு விழும் சத்தம்.
"உங்கட பல்லிலை இன்னொரு குழாய் இருந்திருக்கு.
நான் காணேல்லை."

கொஞ்ச நேரம் ஓடு மட்டும் உடைந்தது.

"நண்டுக்காலும் உப்பிடித்தான் டொக்டர்.
முடிஞ்சுதெண்டு போட்டால்
சூப்பர்வைசர் எடுத்து உடைச்சுக் காட்டுவார்,
உள்ளுக்கை நூல் மாதிரி இன்னொரு சதை கிடக்கும்.
எங்களுக்குச் சம்பளத்திலை வெட்டு."
சிரித்தாளோ தெரியவில்லை.

நான் ஒரு சொல்லைத் தேடிக்கொண்டிருக்க
அவள் கேட்டாள்:
"அந்தப் பல் இப்ப எங்கை?"

மேசையில், என்றேன். கடதாசியில் சுற்றி.

"வைச்சிருங்கோ. சனிக்கிழமை எனக்கு அரைநாள்.
வரேக்கை அட்டையும் கொண்டு வாறன்.
பதற்றமெண்டு எழுதினதை வெட்டவேணும்."