வெறும் ஊதா

நவம்பரில் ரூஃபினா கப்பலேறினாள்.
பனி உடைக்கும் கப்பல்; எண்பது வயிற்றுக்குச் சமைக்க வேண்டும்.
துறை விட்டு நகரும்போது மூன்று முறை ஊதியது.
நான் நிலக்கரிக் கிரேனின் உச்சியில் இருந்தேன்,
கையசைக்க முடியவில்லை,
கொக்கியில் எட்டு டன்.

வீட்டில் எனக்கென்று மிஞ்சியவை
நாற்பத்தொரு வயலட் செடிகளும்
குளிர்பெட்டிக் கதவில் ஒரு தாளும்:

தண்ணீரைச் சீசாவில் ஓர் இரவு வைத்திரு.
குழாயிலிருந்து சில்லென்று பட்டால் இலையில் புள்ளி விழும்.
மேலே ஊற்றாதே. திரி குடிக்கும், அது போதும்.
ஞாயிறுதோறும் தொட்டியைக் கால் வட்டம் திருப்பு,
இல்லாவிட்டால் ஒருபக்கமாய்க் கூன் போடும்.
விளக்கு பன்னிரண்டு மணி நேரம்.
உன் சட்டையை வாசலிலேயே கழற்று.
லியோந்தி, தாகத்தால் இங்கே எதுவும் செத்ததில்லை.

கடைசி வரிக்கு அடியில் இரண்டு கோடு.

முர்மான்ஸ்கில் டிசம்பர் என்பது
நண்பகலில் வானம் கொஞ்சம் நீலமாகி,
தப்பு செய்தவன் போல உடனே தலைகுனிந்துவிடுவது.
நாற்பது நாள் சூரியன் கிடையாது.
ஒன்பது மாடிக் கட்டடத்தில் எங்கள் ஜன்னல் மட்டும்
இளஞ்சிவப்பாய் எரிந்துகொண்டிருக்கும்,
வேலை முடிந்து வரும்போது தெருமுனையிலிருந்தே தெரியும்.
"மேலே என்ன காய்ச்சுகிறாய்?" என்றான் கீழ்வீட்டு ஸவேலி.
பூ, என்றேன்.
அதற்குப் பிறகு என்னைப் பரிவோடு பார்த்தான்.

இலையெல்லாம் பூனைக் காது போல் மயிர்.
எவ்வளவு உதறினாலும் கரித்தூள் வந்து உட்காரும்.
சவரத் தூரிகையால் ஒவ்வொன்றாய்த் துடைப்பேன்,
அடியில் உள்ளங்கையை முட்டுக்கொடுத்து.
எட்டு டன் தூக்கிய கைக்கு
அந்த எடை பிடிபடவே இல்லை.

புத்தாண்டு இரவு, தனியாக, மூன்று கோப்பைக்குப் பிறகு
எல்லாருக்கும் ஊற்றினேன்.
நல்லா இருங்கள் என்று வாழ்த்தி,
மேலிருந்து, குழாயிலிருந்து நேராக.
நாற்பது பிழைத்தன.
'மீன்காரியின் பாவாடை' பிழைக்கவில்லை.

வெள்ளை இதழ், ஒவ்வொன்றின் நடுவிலும் ஊதாக் கோடு.
பெத்ரஸவோத்ஸ்கிலிருந்து ரயிலில்
கம்பளிக் காலுறைக்குள் வந்தது.
அதன் விலையில் பாதியைத்தான் என்னிடம் சொல்லியிருந்தாள்;
முழுவதும் எனக்குத் தெரியும்.
குருத்து குழகுழவென்று கையோடு வந்தது.
ஓர் இலை மட்டும் இன்னும் விறைப்பாக.

பிளேடால் சாய்வாக வெட்டினேன்.
கரிமாத்திரை ஒன்றைப் பொடித்துப் போட்டு
மருந்துக் குப்பியில் நிறுத்தினேன்.
மூன்று வாரம் ஒன்றுமில்லை.
பிறகு காம்பின் நுனியில் கிழவன் தாடி.
காலித் தயிர் டப்பாவில் ஓட்டை போட்டு நட்டேன்,
பழைய பெயர்ச்சீட்டைக் கழுவிக் குத்தினேன்.

மார்ச்சில் வந்தாள். மேலங்கியைக் கழற்றாமலே
நாற்பத்தொன்றையும் பார்த்தாள்.
நகமளவு இரண்டு தளிர் எட்டிப்பார்த்த டப்பாவின் முன்
சற்று நின்றாள்.
"கத்தரித்துவிட்டேன். ஓய்வெடுக்கிறது."
"ஓய்வு நல்லதுதான்," என்று சூப் வைக்கப் போனாள்.

ஜூனில் ரயில் பாதைச் சரிவில்,
துருப்பிடித்த கார் கொட்டகைகளுக்குப் பின்னால்
காட்டு வயலட் பூத்திருந்தது, வெளிறி, முழங்கால் நனையும் சேற்றில்.
ரூஃபினா குனிந்து பார்த்தாள், பறிக்கவில்லை.
"இதுகளுக்கு நாம் யார்?" என்றாள்.

மறுபடி நவம்பர்.
டப்பாவில் முதல் மொட்டு விரிந்தது.
கோடு இல்லை. வெள்ளை இல்லை.
வெறும் ஊதா.

விளக்கைக் குறை சொன்னேன். உரத்தைச் சொன்னேன்.
பெட்டியில் துணி அடுக்கிக்கொண்டே சொன்னாள்:
"கோடு இலையிலிருந்து வராது, லியோந்தி.
பூக்காம்பிலிருந்து எடுத்தால் வரும்.
இலைக்குத் தெரிந்தது ஒரே நிறம்."

"எப்போதிலிருந்து தெரியும்?"

"சீட்டைக் கழுவியிருந்தாயே.
நீ எதையும் கழுவுகிறவனா?"

புத்தாண்டை, மூன்று கோப்பையை, எல்லாம் சொன்னேன்.
சிரித்தாளா என்று தெரியாது; பெட்டிக்குள் தலை இருந்தது.

காலையில் கப்பல் ஊதியது.
குளிர்பெட்டியில் அதே தாள்.
கடைசி வரிக்கு அடியில்
புதிதாய் மூன்றாவது கோடு.