இருபத்து நாலில் ஒன்று

பகலில் நகம், இரவில் கார்.
இரண்டுக்கும் ஒரே அரத்தாள்தான்:
நூற்றெண்பது சொரசொரப்பில் தொடங்கி
இரண்டாயிரத்தில், தண்ணீர் தொட்டு, முடியும்.
சாட்ஸ்வொர்த்தில் என் கடை.
ஒரு மேசை, ஒரு நீலவெளிச்சப் பெட்டி, ஆறு டஜன் குப்பி.
ஷட்டர் இறங்கியதும் அதே மேசையில்
செய்தித்தாள் விரியும்.

டட்சன் பக்கி, ஆயிரத்து நானூறு.
என் மாமாக்கள் மூன்று பேரும் ஓட்டினார்கள்.
நான் வாங்கிய எந்தப் பெட்டியிலும் அது இல்லை.
எனவே வெள்ளை பிளாஸ்டிக் தகடு,
உடலுக்கு ஒரு மில்லிமீட்டர், கதவுக்கு அரை.
வெட்டக் கூடாது.
கீறி, திருப்பி, மடக்கினால்
பிஸ்கட் போலத் தானே பிரியும்.

கதவைச் சுற்றி ஓடும் கோடு வரைவதில்லை, தோண்டுவது.
ஊசிமுனையைப் பின்னோக்கி இழு.
முதல் இழுப்பில் அவசரப்பட்டால்
கோடு தன் இஷ்டத்துக்குப் போகும்.
அப்புறம் பட்டி, காத்திருப்பு, மறுபடி அரம்.

ஹெட்லைட்டுக்கு ஜெல், ஒரே சொட்டு,
நீலவெளிச்சத்தில் அறுபது நொடி.
பம்பருக்கு சிகரெட் பெட்டியின் வெள்ளித்தாள்.
பக்கத்துக் கடை மோர்கன் ஒரு பெட்டி தீர்ந்ததும்
"வனேஷ்ரீ, உன் பம்பர்" என்று வீசுவான்.

இருபத்து நாலில் ஒன்று என்பது அளவு.
ஒரு நாளை அப்படிச் சுருக்கினால் ஒரு மணி நேரம்.
எனக்குக் கிடைப்பதும் அதுதான்,
எட்டிலிருந்து ஒன்பது.
அந்த உலகத்தில்
என் தலைமுடி விழுந்தால் மின்கம்பி,
தூசி விழுந்தால் ஜல்லி.

நிறம் மஞ்சள். கடைக் குப்பிகளிலேயே கலந்தேன்.
புது மஞ்சள் இல்லை,
பத்து வருஷம் வெயிலில் நின்ற மஞ்சள்.
அதற்குத் துளி பழுப்பு வேண்டும்,
துளிக்கு மேல் போனால் கடுகு.
பிப்ரவரி ஈரம் வேறு:
கனமாக அடித்தால் பால்போல் பூக்கும்.
மெல்ல, மூச்சுக்காற்றுபோல், மூன்று பூச்சு.

இரண்டாவதில் கரண்ட் போனது.
லோட் ஷெட்டிங்.
கம்ப்ரஸர் பெருமூச்சு விட்டு உட்கார்ந்தது.
இருட்டில் மேசை விளிம்பைத் தேடிய என் கட்டைவிரல்
பானெட்டின் நடுவில் போய் இறங்கியது.

கணக்குப் போட்டேன்:
அரை மீட்டர் அகலக் கட்டைவிரலோடு ஒருத்தி
என் பக்கிமேல் சாய்ந்து நின்றுவிட்டுப் போயிருக்கிறாள்.

துடைக்காதே. துடைத்தால் ஒன்று பத்தாகும்.
பகலெல்லாம் மற்றவர்களுக்கு இதைத்தானே சொல்கிறேன்.
தின்னரை இறுக்கி மூடினேன், உள்ளறையில் வைத்தேன்,
எல்லா ஜன்னலையும் திறந்து
வாடை போனபின்பே மெழுகுவத்தி.
பிளாஸ்டிக் குச்சியைச் சுடருக்கு மேலே காட்டி
அது பளபளக்கும் நொடியில் இழுத்தால் நூலாகும்,
ஏரியலுக்கு.
ஏழு இழுத்தேன். ஒன்று நேராக வந்தது.

மறுநாள் கோகிலம் கவுண்டன்.
சனிக்கிழமை கல்யாணம், புடவை பச்சை.
ஆறு டஜனையும் தாண்டிப் போன விரல்
பெயர் ஒட்டாத குப்பியில் நின்றது.
"இது என்ன நிறம்?"
"பானெட், ஆன்ட்டி."
"என்னமோ, போடு."

மெல்ல, மூன்று பூச்சு.
பத்து நிமிஷம் எதையும் தொடாதீங்க என்றேன்.
வாசல்வரை போனார், கைப்பையில் சாவியைத் துழாவினார்,
திரும்பி வந்தார்,
ஒரு விரலை மட்டும் தூக்கிக்கொண்டு.
கட்டைவிரல். நடுவில்.
நான் சிரித்ததை அவர் மன்னிக்கவில்லை,
பணம் மட்டும் சரியாகக் கொடுத்தார்.

அன்றிரவு எட்டு மணி.
இரண்டாயிரம் தாள், ஒரு கிண்ணம் தண்ணீர்.
ரேகையின் வளையங்கள் ஒவ்வொன்றாகக் கரைந்தன.
கடைசி வளையம் விளக்கைச் சாய்த்தால் மட்டும் தெரிகிறது.
இன்னும் ஒரு பூச்சு போதும்.

குப்பியைத் தலைகீழாகப் பிடித்தேன்.
வாய்ப்பக்கம் ஒரு மஞ்சள் வளையம், அவ்வளவுதான்.
மீதியெல்லாம் பத்து விரல்களில்
சனிக்கிழமை கல்யாணத்துக்குப் போகிறது.

கலந்த அளவை எங்கும் எழுதி வைக்கவில்லை.
திங்கட்கிழமை ஆன்ட்டியைக் கூப்பிட வேண்டும்.
இலவசமாக என்று சொல்லி,
ஜன்னல் வெளிச்சத்தில் கையை நீட்டச் சொல்லி,
நகத்துக்குப் பக்கத்தில் நகமாக
அந்த வெயிலை மறுபடி கலக்க வேண்டும்.