நாலாவது மாதம்

மூன்று வாரம் என்றுதான் அனுப்பினார்கள்.
மீட்டர் மாற்றும் வேலை.
இது நாலாவது மாதம்.

பள்ளத்தூரில் ஒரு தெரு முடிய
ஒரு காலை போகிறது.
பாதி வீடுகளில் பூட்டு,
பூட்டுக்குப் பின்னால் ஓடாத மீட்டர்.

செவ்வந்தியப்பன் மெஸ்ஸில் முதல் நாள்
குழம்பில் கிடந்த கல்பாசியைக்
குப்பை என்று ஓரம் ஒதுக்கினேன்.
அவர் ஒன்றும் சொல்லவில்லை,
இன்னொரு கரண்டி ஊற்றினார்.

இப்போது சந்தையில்
வரமிளகாயை ஒடித்து மோந்து பார்க்கிறேன்,
வாங்குகிறவன் போல.
சட்டையை உதறினால் சோம்பு வாசம்.
வெள்ளைப் பணியாரம் தீர்ந்துபோனால்
கோபம்கூட வருகிறது.

நேற்று தூத்துக்குடியிலிருந்து ஜெசிந்தா:
என்ன சாப்பிட்டீங்க?
நம்ம மெஸ்ஸுல இன்னைக்கு
நண்டு ரசம், என்றேன்.

கொஞ்ச நேரம் சத்தமில்லை.

நம்ம மெஸ்ஸா, என்றாள்.

புரையேறியதுபோல்
இருமி வைத்தேன்.