இரண்டு அட்வான்ஸ்

மேலச்சாத்தனூரில் ஐயாயிரம் வாங்கினேன்,
வடிகாலின் குறுக்கே கிடக்கும் மண்ணை வெட்டி எறிய.
கீழவெளியில் நாலாயிரம்,
அதே மண்ணை இன்னும் மூன்றடி உயர்த்த.
பொக்லைன் ஓட்டுகிறவனுக்கு
வண்டித் தவணைதான் சொந்த ஊர்.

ஐப்பசி அடைமழை, மூன்றாம் நாள்.
தண்ணீர் வரவில்லை என்றுதான் இந்தப் பக்கம்
அடித்துக்கொள்வார்கள் என்று கேள்வி.
இது தண்ணீர் போகவில்லை என்ற சண்டை.
மேலே முப்பது நாள் சம்பா
நுனி மட்டும் நீட்டி மூச்சு வாங்குகிறது.
திறந்துவிட்டால் கீழே
பயிரோடு சேர்த்து நகைக்கடனும் முழுகும்.

நடுராத்திரி இரண்டு ஊரும் வந்து நின்றது
என் வண்டி விளக்கு வெளிச்சத்துக்குள்.
ஒரு கையில் மண்வெட்டி, ஒரு கையில் குடை.
"வெட்டுடா" என்றார் மாசிலாமணி.
"போடுடா" என்றார் உத்திராபதி.
நான் சாவியைத் திருப்பி எஞ்சினை நிறுத்தினேன்.
பயத்தில்தான். அதில் தத்துவம் எதுவும் இல்லை.

எஞ்சின் நின்றதும் தவளைகள் கேட்டன.
பிறகு, வேறு வழியில்லாமல்,
ஒருவர் பேசுவது மற்றவருக்குக் கேட்டது.

போன வருஷம் இருட்டில் வெட்டியது யார்,
ஏரிக்கரை புளியமரத்தை ஏலம் விட்ட காசு எங்கே,
எவர் வீட்டுக் கல்யாணத்திலோ
பந்தியிலிருந்து எழுப்பிவிட்டது,
எல்லாம் வந்தது.
வரட்டும் என்று விட்டார்கள்.
அழுகியது முதலில் மிதக்கும்தானே.

கீழவெளி அஞ்சம்மாள் சித்தாள் வேலைக்குப் போகிறவள்.
வீட்டுக்கு ஓடி
மட்டம் பார்க்கும் டியூபோடு திரும்பினாள்.
"ஆளாளுக்கு அடி சொல்ல வேணாம்.
தண்ணியே சொல்லட்டும்."
ஒரு முனையை மாசிலாமணியின் மகன் பிடித்தான்.
மறுமுனைக்கு உத்திராபதியே குனிந்தார்.
அந்த டியூபை ஒற்றை ஆளாகப் பிடிக்க முடியாது.

வித்தியாசம் ஒன்றரை அடி.
மூன்று என்று சத்தியம் செய்திருந்தது மேலூர்.
சமமாகத்தான் நிற்கிறது என்று கீழூர்.
கொஞ்ச நேரம் எல்லோரும்
அவரவர் குடைக்கம்பியைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

யாரோ முத்துப்பேட்டை மச்சானுக்கு ஃபோன் போட்டார்.
கடல் எப்போது வற்றும்?
தூக்கக் குரல் சொன்னது: "நாலு மணிக்கு மேல.
ஏறும்போது திறந்தீங்கன்னா உப்பும் சேர்ந்து வரும்டா."
ஒரு முழ அகலத்துக்கு மட்டும் வெட்டுவது.
வற்றும்போது திறந்து, ஏறும்போது
பனம்பலகை போட்டு அடைப்பது.
காவலுக்கு இந்தப் பக்கம் ஒருவர், அந்தப் பக்கம் ஒருவர்.

முடிந்தது என்று நான் சாவியைத் தொட்டேன்.
"என் ஆறு மா?" என்றாள் ஜொகரா பீவி.
குத்தகை நிலம், எல்லாவற்றுக்கும் கீழே.
எப்படித் திறந்தாலும் முழுகும்.
"அதை யாரு தலையில எழுதப் போறீங்க?"

இவ்வளவு நேரம் கத்திய இரண்டு ஊரும்
ஒரே மாதிரி வாயை மூடிக்கொண்டது.
விடிகிறவரை அந்தக் கேள்வி ஒன்றுதான்.

நாற்றங்காலில் மிஞ்சிய நாற்றை மேலூர் தரும்.
நடவுக்கூலி பாதிக்குப் பாதி.
குத்தகை நெல்லை மட்டும்
எந்தப் பக்கமும் சுமக்க ஒப்பவில்லை.
உரக்கடை ரசீதின் பின்பக்கம் எழுதினார்கள்.
"முடிவாகலைன்னும் எழுதுங்க,"
என்றாள் அவள். எழுதினார்கள்.

மாசிலாமணி கடைசிவரை கையெழுத்துப் போடவில்லை.
நாலேகால் மணிக்குப் பலகையைத் தூக்கி
முழங்கால் தண்ணீரில் நின்றது அவர்தான்.

என் இரண்டு அட்வான்ஸும் தெரிந்துபோனது.
அடிக்கவில்லை. ஒன்பதாயிரத்துக்கும்
மூன்று கிலோமீட்டர் வெங்காயத்தாமரை அள்ளு என்றார்கள்.
டீசல் யாருடையது என்று கேட்டேன்.

அடுத்த சண்டை ஆரம்பித்தது.
இந்த முறை முதலில்
பதினான்கு டீ சொல்லிவிட்டு.