அணைக்கும் முன்

பஞ்சிகாவத்தையில், பாதியாய் வெட்டிய காரிலிருந்து
கழற்றி வந்த பிளாக்.
வார்ப்பிரும்பு. அலுமினியம் என்றால் தொட்டிருக்க மாட்டேன்.
சிலிண்டர் நான்கு; விட்டம் எண்பத்தைந்து,
பிஸ்டனின் நடை எண்பத்தெட்டு மில்லிமீற்றர்.
எல்லாம் கூட்டினால் இரண்டு லீற்றருக்கு
ஒரு தேக்கரண்டி குறையும்.

நுகேகொடையிலிருந்து வந்த ருவன்த கேட்டது ஒன்றுதான்:
"நங்கி, எத்தனை குதிரை?"
நான் திருப்பிக் கேட்டேன்:
"எத்தனை ஏற்றத்துக்கு?"
சிரித்தான். பகிடி என்று நினைத்திருப்பான்.

மலை தனியாக ஒரு செக்ரோல் வைத்திருக்கிறது.
கடற்கரையில் நூறு குதிரை காட்டுகிற எஞ்சினுக்கு
நானுஓயாவில் எண்பத்துச் சொச்சம்தான் எழுதும்.
கிலோ குறைந்தால் அரைப்பேர் போடுகிற
அதே கை.

டர்போ அந்தக் கணக்கில் கைநாட்டு வைக்காது.
துப்பிய புகையையே பிடித்துச்
சக்கரம் சுழற்றி,
அதே தண்டின் மறுமுனையில்
மெலிந்த காற்றை அள்ளி, நெருக்கி, உள்ளே திணிக்கும்.
கொழும்பில் நிமிடத்துக்கு ஒரு லட்சத்து இருபதாயிரம் சுற்றியது
இங்கே அதே அழுத்தத்துக்கு
ஒரு லட்சத்து நாற்பதாயிரம் சுற்றவேண்டும்.
அந்த இருபதாயிரத்தை
எந்தக் குதிரையிலும் யாரும் சேர்ப்பதில்லை.

டிக்கோயா றோட்டில் என் கராஜ். இரவு பதினொன்று.
கிராங்குக்கும் பேரிங்குக்கும் நடுவே
மெழுகு நூலை நசுக்கி அளந்தேன்:
நூறில் நாலு மில்லிமீற்றர்.
என் தலைமுடி அதற்குள் போகாது.
எண்ணெய் போகும்.
ஓடும்போது இரும்பு இரும்பைத் தொடுவதேயில்லை.
மொத்தக் காரும் அந்த ஈரத்தின் மேல் மிதக்கிறது.

ஒன்று தசம் எட்டு பார் அழுத்தம் கேட்டான்.
ஒன்று தசம் மூன்றில் பூட்டினேன்.
மூன்றாம் சிலிண்டரை ஹெட்போனில் கேட்கச் சொன்னேன்:
தகரத்தில் குன்றிமணி உதிர்கிற மாதிரி,
மெல்லமாய்.
"எனக்கொன்றும் கேட்கவில்லையே."
அதனால்தான் பூட்டினேன், ருவன்த.

டாஷ்போட்டில் டேப் ஒட்டி
சிங்களத்தில் எழுதினேன்; பிழையும் இருந்திருக்கலாம்:
அணைக்கும் முன் இரண்டு நிமிடம்.

மலையேற்றத்தன்று விடியவே மூடுபனி.
எட்டாவது வளைவில் கார் தெரியவில்லை,
சத்தம் மட்டும் வந்தது.
கியர் மாறும் இடைவெளியில் ஒரு பெருமூச்சு,
பிறகு மறுபடி விசில்.
நாற்பத்தாறு தசம் மூன்று செக்கன். இரண்டாம் இடம்.
எதுவும் உடையவில்லை.
எதுவும் ஒழுகவில்லை.
கேமராக்காரர்கள் ஓடினார்கள்.
அவன் சாவியைத் திருகினான்.

நானும் ஓடினேன். ஐம்பது மீற்றர், செங்குத்து.
எஞ்சின் செத்துவிட்டது, விசில் சாகவில்லை.
எண்ணெய் பம்ப் நின்றபின்
செந்தணலாய்க் கிடந்த கூட்டுக்குள்
அந்தத் தண்டு தனியாகச் சுற்றிக்கொண்டிருந்தது,
யாரோ சொல்ல மறந்ததால்.
கைதட்டலில் அது எனக்கு மட்டும்தான் கேட்டது.

மூன்று மாதம் இப்படியே ஓட்டியிருக்கிறான்.
பிறகு போன்:
"உங்கள் எஞ்சினை நம்பவே ஏலாது."

திறந்து பார்த்தேன்.
சிலிண்டர் சுவரில் நான் போட்ட குறுக்குக் கோடுகள்
இன்னும் அழியவில்லை.
கிராங்க் பேரிங் பிறந்த நிறம்.
டர்போத் தண்டுதான் விரலில் ஆடியது,
விழப்போகும் பால்பல் மாதிரி.
எண்ணெய் போகும் துளையில் கரி;
பின்னூசியால் குத்தினால் பொடியாய் உதிர்ந்தது.
டாஷ்போட்டில் டேப் இல்லை.
பசை இருந்தது.

நான் ஒன்றும் சொல்லவில்லை.
புது டர்போ போட்டேன்.
ஸ்டியரிங்குக்கு அடியில்
தீப்பெட்டி அளவில் ஒரு டைமரை வயரோடு ஒளித்தேன்.

நேற்று வந்து எடுத்தான்.
கிளங்கன் வரை போய்த் திரும்பி,
அணைத்து, சாவியை உருவி,
கதவைச் சாத்தி இரண்டடி நடந்தான்.
எஞ்சின் ஓடிக்கொண்டேயிருந்தது.
கையிலிருந்த சாவியைப் பார்த்தான். காரைப் பார்த்தான்.
என்னைப் பார்த்தான்.

நான் எண்ணெய்ச் சூட்டின் முள்ளைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.
நூற்றுப் பதினெட்டு.
நூற்றுப் பதினான்கு.
நூற்றொன்பது.